மெடிக்கல் கோடிங்கா, டிரான்ஸ்கிரிப்ஷனா? தங்கச்சிக்காகக் கேட்கிறேன்

தங்கச்சிமடம்_தம்பி | மே 21, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சி போன வருடம் ராம்நாட்டில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தாள். நல்ல மார்க்தான். பி.எட். போகச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். இப்போது இரண்டு இடத்தில் விசாரித்து வைத்திருக்கிறோம்.

ஒன்று மதுரையில். மெடிக்கல் கோடிங் (டாக்டரின் குறிப்பை இன்சூரன்ஸுக்கான எண்ணாக மாற்றும் வேலை), மூன்று மாதம், 35,000 ரூபாய். ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று ராம்நாட்டிலேயே. மாடியில் ஒரே அறை, ஆறு கம்ப்யூட்டர். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் (டாக்டர் பேசியதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை), ஆறு மாதம், 18,000. ‘படித்து முடித்ததும் வீட்டில் உட்கார்ந்தே சம்பாதிக்கலாம்’ என்கிறார்கள். அம்மாவுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பிள்ளை கண் முன்னால் இருக்கும் இல்லையா.

தங்கச்சி டைப்ரைட்டிங் இங்கிலீஷ் ஹையர் பாஸ். அதனால் டிரான்ஸ்கிரிப்ஷன் சரிப்படும் என்று எனக்கும் ஓர் எண்ணம். ஆனால் தடைக்காலம், அப்பாவின் போட் கரையில் கிடக்கிறது. ஜூன் 14 வரை வருமானம் இல்லை. தப்பான இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டால் மறுபடி புரட்ட வழி கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாம்பன்_கச்சான் | மே 21, இரவு 10.05

கோடிங். யோசிக்கவே வேண்டாம். டிரான்ஸ்கிரிப்ஷன் எல்லாம் எங்கள் சித்தப்பா காலத்து வேலை.


ஹெட்போன்_காது | மே 21, இரவு 11.30

அந்தச் சித்தப்பா நான்தான் போலிருக்கிறது.

மண்டபம் பக்கம் எனக்கு ஊர். 2005-இல் சென்னையில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் காதில் ஹெட்போனோடு வாழ்ந்தவன். அதனால் அந்த வேலையைப் பற்றி ஒரே வரியில் தள்ளிவிட மனசு வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் போனிலோ ரெக்கார்டரிலோ பேசிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒலி நமக்கு வரும். காலடியில் ஒரு பெடல், தையல் மிஷின் மாதிரி. மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், ஓரத்தை அழுத்தினால் இரண்டு விநாடி பின்னால் போகும். கை பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருக்கும். இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. அந்த வரிக்குத்தான் காசு. டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, புது நோயாளியின் முழு வரலாறு என்று எல்லாம் வரும். சில ரிப்போர்ட் 24 மணி நேரத்துக்குள் போனால் போதும். ‘ஸ்டாட்’ என்று வந்தால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உட்கார வேண்டும்.

தம்பி, டைப்பிங் வேகத்தை வைத்து முடிவு செய்யாதே. எங்கள் பேட்ச்சில் ஹையர் பாஸ் செய்தவர்கள் நாலு பேர். இரண்டு பேர் மூன்றாவது மாதமே ஓடிவிட்டார்கள். கை வேகமாக இருந்து என்ன செய்ய, காது ஓட வேண்டும். பஞ்சாபில் பிறந்த டாக்டர், மெக்ஸிகோவில் பிறந்த டாக்டர், டெக்ஸாஸ்காரர், எதையாவது மென்றுகொண்டே பேசுகிறவர், பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம். ‘ஃபிஃப்டீன்’ என்றாரா ‘ஃபிஃப்டி’ என்றாரா? மருந்து அளவு அது. நான் சேர்ந்த புதிதில் ஒரு ரிப்போர்ட்டில் ‘ஹைப்போடென்ஷன்’ (பிரஷர் குறைவு) என்றதை ‘ஹைப்பர்டென்ஷன்’ (பிரஷர் அதிகம்) என்று அடித்துவிட்டேன். அவர் பாதி விழுங்கித்தான் சொன்னார், என் காதில் விழுந்தது அப்படி. நாங்கள் அடித்ததைச் சரிபார்க்கும் கியூஏ அக்கா என்னைக் கூப்பிட்டு, ‘அடுத்த வரியில் என்ன இருக்கிறது, படி’ என்றார். சலைன் வேகமாக ஏற்றினோம் என்று இருந்தது. ‘பிரஷர் ஏறிக் கிடக்கிறவனுக்கு எந்த டாக்டர் சலைனை வேகமாக ஏற்றுவார்?’ அவ்வளவுதான் கேட்டார். வையவில்லை. வைதிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்குப் புரிந்தது, இது வெறும் தட்டச்சு இல்லை என்று. செலிப்ரெக்ஸ், செலெக்ஸா, செரிபிக்ஸ். மூன்றையும் வேகமாகச் சொல்லிப் பார். முதலாவது மூட்டுவலிக்கு, அடுத்தது மனச்சோர்வுக்கு, கடைசி வலிப்புக்கு. நோயைத் தெரிந்தவனுக்குத்தான் மருந்தின் பெயர் காதில் சரியாக விழும். சந்தேகம் என்றால் ஊகித்து அடிக்கக் கூடாது, இடத்தை வெற்றாக விட்டு நிமிடத்தைக் குறிக்க வேண்டும். இந்த ஒழுக்கத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வேலைதான்.

சரி, பெருமை போதும். இப்போது கசப்பு.

2009-இல் அமெரிக்க அரசு, நோயாளி ஆவணங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் மருத்துவமனைகளுக்கும் டாக்டர்களுக்கும் ஊக்கத்தொகை தரச் சட்டம் போட்டது. டாக்டர்கள் பேசுவதை விட்டுவிட்டுத் திரையில் டிக் அடிக்க ஆரம்பித்தார்கள். இன்னொரு பக்கம் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வளர்ந்தது. நாங்கள் ‘எடிட்டர்’ ஆனோம். மிஷின் அடித்ததை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துகிற வேலை, வரிக்கான காசும் குறைவு. அந்தப் பேச்சு மென்பொருளில் பெரிய கையான நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2022-இல் வாங்கி முடித்தது. இப்போது டாக்டரும் நோயாளியும் அறையில் பேசிக்கொள்வதைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டது.

வேலை முழுக்கச் செத்துவிடவில்லை. அனுபவம் உள்ள எடிட்டர், கியூஏ, தூரத்திலிருந்து டாக்டருக்குக் குறிப்பெடுக்கும் ஸ்கிரைப் எல்லாம் உண்டு. செத்தது புதிதாக நுழைகிறவனின் வாசல். அந்த வாசல் வழியாகத்தான் உன் தங்கச்சியை அனுப்பப் பார்க்கிறாய்.


தங்கச்சிமடம்_தம்பி | மே 22, காலை 7.15

அண்ணே, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, நன்றி. ஆனால் ராம்நாடு சென்டரில் ‘ஆள் தேவை நிறைய இருக்கிறது’ என்று அடித்துச் சொல்கிறார்களே?


ஹெட்போன்_காது | மே 22, காலை 7.40

‘உங்களிடம் படித்து, இப்போது வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரே ஒரு பிள்ளையின் போன் நம்பர் கொடுங்கள், பேசிக்கொள்கிறேன்’ என்று கேட்டுப் பார். கொடுத்தால் வந்து இங்கே எழுது. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.


தொண்டிக்காரன் | மே 22, காலை 9.10

மதுரை சென்டரைப் பற்றியும் அதே கேள்வி கேள் தம்பி. ‘உத்தரவாதம்’ என்றால் என்ன என்று எழுதி வாங்கு. நான் பட்ட அனுபவம் இது. ஊர், பெயர் சொல்லவில்லை. பணம் கட்டினேன், மூன்று மாதம் போனேன். பாடம் என்று ஜெராக்ஸ் கட்டு ஒன்று. உத்தரவாதம் என்றது ஐந்து இன்டர்வியூவுக்கு அனுப்புவார்களாம், அவ்வளவுதான். மூன்று இன்டர்வியூ ஏஆர் காலிங் வேலைக்கு. ராத்திரி முழுக்க அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு ‘ஏன் பணம் வரவில்லை’ என்று கேட்கிற வேலை. அது கெட்ட வேலை என்று சொல்லவில்லை, பேச்சுத் திறமை உள்ளவன் அதில் நன்றாக வருகிறான். ஆனால் கோடிங் என்று சொல்லி ஏன் அங்கே அனுப்ப வேண்டும்?

அதைவிடக் கொடுமை, ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்ப வாங்க வாப்பாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை பஸ் ஏறினேன். எந்த இடத்திலும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.


பாம்பன்_கச்சான் | மே 22, காலை 9.25

உண்மை. ஜெராக்ஸ் கட்டு எல்லா ஊரிலும் ஒரே கட்டுதான் போல.


கீழக்கரை_லாத்தா | மே 22, மதியம் 2.50

லஞ்ச் பிரேக்கில் எழுதுகிறேன். ஒன்பது வருடமாகக் கோடர். ஐந்து வருடம் சென்னை, இப்போது கீழக்கரையில் வீட்டிலிருந்து. தம்பி, முதலில் வேலை எப்படி இருக்கும் என்று உன் தங்கச்சிக்குத் தெரியட்டும். அப்புறம் பணம், சென்டர் எல்லாம்.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஓர் உதாரணம். ஃப்ளோரிடா கடற்கரையில் ஒருவர் தண்ணீரில் நடக்கும்போது திருக்கையை மிதித்துவிட்டார். வலது பாதத்தில் முள் ஏறிவிட்டது. அவசரப் பிரிவுக்குப் போகிறார், டாக்டர் சுடுதண்ணீரில் காலை வைக்கச் சொல்லிக் காயத்தைச் சுத்தம் செய்கிறார். (விவரத்தை மாற்றித்தான் சொல்கிறேன். நோயாளி விவரத்தை வெளியே விட்டால் அமெரிக்காவின் 1996 ஹிப்பா சட்டத்தில் மாட்டிக்கொள்வோம். கோடராக வருகிறவள் முதல் நாளே கற்க வேண்டியது அது.)

டாக்டர் எழுதிய குறிப்பு நமக்கு வரும். அதை வாசித்து என்ன நோய், என்ன சிகிச்சை என்பதை எண்ணாக மாற்ற வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் தருவான். நோய்க்கு ஐசிடி-10-சிஎம், டாக்டர் செய்த வேலைக்கு சிபிடி. திருக்கை குத்தியதற்கு டி63.511ஏ (T63.511A). அதில் ஆறாவது இடத்தில் இருக்கிற 1, தற்செயலாக நடந்தது என்று சொல்கிறது. அங்கே 3 போட்டால் எவனோ திருக்கையை வைத்து இவரைக் குத்தினான் என்று அர்த்தம்! சிரிக்காதீர்கள், அதற்கும் கோடு இருக்கிறது. பாதத்துக் காயத்துக்குத் தனியாக எஸ்91.331ஏ. முள் உடைந்து உள்ளேயே இருந்தால் எஸ்91.341ஏ. இடது பாதம் என்றால் இன்னொன்று. கடைசியில் நிற்கிற ‘ஏ’யைப் புதுப் பிள்ளைகள் ‘முதல் தடவை வந்திருக்கிறார்’ என்று நினைப்பார்கள். இல்லை. சிகிச்சை இன்னும் நடக்கிறது என்று அர்த்தம். புண் ஆறிவரும்போது பார்க்க வந்தால்தான் ‘டி’ (D). ஆடிட்டில் (நாம் போட்ட கோடுகளைச் சரிபார்ப்பது) நான் முதல் முதலாக மார்க் இழந்தது இந்த ஓர் எழுத்தில்தான்.

உள்ளே முள் இருக்கிறதா இல்லையா என்று டாக்டர் எழுதவில்லை என்றால்? நமக்குத் தெரிந்திருந்தாலும் போடக் கூடாது. எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு, எழுதாதது நடக்காதது. நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு ‘ஹார்ட் அட்டாக்காக இருக்கலாம், பார்க்க வேண்டும்’ என்று வெளிநோயாளிக் குறிப்பில் இருந்தால் நெஞ்சுவலிக்கு மட்டும்தான் கோடு. ஹார்ட் அட்டாக்குக்குப் போட்டால் அந்த ஆளின் ஆவணத்தில் இல்லாத நோய் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதுவே அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆகும்போதும் ‘இருக்கலாம்’ என்றே எழுதியிருந்தால், மருத்துவமனைக் கணக்கில் அதை இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே சொல், இடத்துக்குத் தகுந்தபடி விதி மாறும். இப்படி விதிகளாகப் படிப்பதில் ருசி இருக்கிறவர்களுக்கு இது நல்ல வேலை. இல்லாதவர்களுக்கு மதியம் மூன்று மணிக்கு நரகம்.

வெறும் பட்டியலை மனப்பாடம் செய்கிற வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐசிடியில் மட்டும் கிட்டத்தட்ட 70,000 கோடு, யாருக்கும் மனசில் நிற்காது. ஒவ்வொரு அக்டோபர் 1-ஆம் தேதியும் மாறும். சிபிடி ஜனவரி 1-இல் மாறும். தேடத் தெரிய வேண்டும், உடம்பு தெரிய வேண்டும். விலங்கியல் படித்த பிள்ளைக்கு அது பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.


உச்சிப்புளி_நர்ஸ் | மே 22, இரவு 8.20

லாத்தா சொன்னதோடு சேர்த்து ஒன்று. நான் நர்சிங் முடித்து நாலு வருடம் வார்டில் இருந்துவிட்டு இதற்கு வந்தவள். பலரும் சிபிசி சான்றிதழ் இருந்தால்தான் வேலை என்று பயமுறுத்துவார்கள். ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் தேர்வு அது. 100 கேள்வி, நாலு மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். கோடு புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டே எழுதலாம், ஆனாலும் நேரம் பறந்துவிடும். கட்டணம் டாலரில். அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் பெயருக்குப் பின்னால் சிபிசி-ஏ (‘ஏ’ என்றால் அப்ரண்டிஸ்) என்றுதான் வரும், அந்த ‘ஏ’ கழல்வதற்கு வேலை அனுபவம் காட்ட வேண்டும்.

நான் சொல்வது, முதலில் பிரெஷராக உள்ளே போகட்டும். ஆறு மாதம், ஒரு வருடம் சார்ட் (நோயாளியின் ஆவணம்) பார்த்த பிறகு எழுதினால் சுலபம். என்னுடைய தேர்வுக் கட்டணத்தைக் கம்பெனியே கட்டியது. அதற்கு ஒரு வருடம் இருப்பேன் என்று கையெழுத்து வாங்கினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.


முனைக்காடு_மாப்ள | மே 22, இரவு 9.00

எல்லாம் சரி. டிரான்ஸ்கிரிப்ஷனை மிஷின் தின்றது என்கிறீர்கள். கோடிங்கை மட்டும் விட்டுவைக்குமா? எழுத்தைப் படித்து எண்ணைப் போடுகிற வேலை, கம்ப்யூட்டருக்கு அல்வா. இன்னும் ஐந்து வருடத்தில் இதே தளத்தில் லாத்தா வந்து ‘அந்தச் சித்தி நான்தான்’ என்று எழுதுவார்கள் பாருங்கள்.


கீழக்கரை_லாத்தா | மே 22, இரவு 10.15

எழுதினாலும் எழுதுவேன் மாப்ள, உன் வாய் முகூர்த்தம் அப்படி.

ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் பார்க்கிற திரையிலேயே மென்பொருள் முதலில் கோடுகளைப் பரிந்துரைத்துவிடும், நான் ஏற்கிறேன் அல்லது அடிக்கிறேன். எக்ஸ்ரே மாதிரி குறிப்பு சின்னதாக, ஒரே வார்ப்பில் வருகிற இடங்களில் ஆள் கை படாமலே போகிற சார்ட் உண்டு. போன வாரம் என் திரையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குறிப்பில் ‘அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்’ என்று குடும்ப வரலாற்றில் இருந்தது. மென்பொருள் அதை நோயாளிக்கே போட்டு நீட்டியது. அடிக்காமல் விட்டிருந்தால்? அதைப் பிடிக்கிற ஆள் வேண்டும். இன்சூரன்ஸ்காரன் திருப்பி அனுப்பிய பில்லுக்குக் காரணம் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். அட்மிட் ஆன நோயாளியின் முந்நூறு பக்கச் சார்ட்டில் எது முதன்மை நோய் என்று தீர்மானிக்க ஆள் வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு சொல்லலாம். பத்து வருடம் கழித்து எப்படி என்று என்னிடம் கேட்காதே. வாப்பா சவூதி போனபோதும் இப்படித்தான், எத்தனை வருடத்துக்கு என்று கேட்டுக்கொண்டா போனார்?

அதனால் தங்கச்சிக்குச் சொல்வது: எச்சிசியில் எடுத்தால் எடுக்கட்டும், பிரெஷர்களை அங்கே நிறையப் போடுகிறார்கள். அமெரிக்க முதியோர் இன்சூரன்ஸில் எவருக்கு எத்தனை நாள்பட்ட நோய் என்று பார்த்துப் பணம் ஒதுக்குவதற்கான கோடிங் அது, நோய்க் கோடு மட்டும்தான் வரும். ஆனால் அதிலேயே நாலு வருடம் உட்கார்ந்துவிடக் கூடாது. அறுவை சிகிச்சை, உள்நோயாளி என்று மாறிக்கொண்டே இருக்கட்டும். ஒரே வலையை வைத்துக்கொண்டு எல்லா மீனும் பிடிக்க முடியாது என்பது தங்கச்சிமடத்துக்காரர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்.


ஹெட்போன்_காது | மே 22, இரவு 10.40

லாத்தா நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். 2010 வாக்கில் எங்கள் மேனேஜர் இப்படி ஒரு தடவை பேசியிருந்தால் நான் அப்போதே மாறியிருப்பேன்.


தங்கச்சிமடம்_தம்பி | மே 23, காலை 8.00

மனசு கோடிங் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் அம்மா. சென்னை, ஹாஸ்டல், ராத்திரி வேலை என்றதும் முகம் மாறிவிடுகிறது. லாத்தா, உங்களை மாதிரி ஆரம்பத்திலிருந்தே வீட்டிலிருந்து செய்ய முடியாதா?


கீழக்கரை_லாத்தா | மே 23, மதியம் 2.30

எங்கள் உம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை தம்பி. நாலாவது நாள் அவர்களே பெட்டியில் கருவாடு வைத்துக் கட்டினார்கள். ஹாஸ்டலில் அந்த வாசனைக்கு நான் பட்ட பாடு தனிக் கதை.

பிரெஷரை யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அனுப்புகிறேன் என்று சொல்கிறவனை நம்பவும் வேண்டாம். பக்கத்து சீட் அக்காவிடம் ‘இதைப் பாருங்களேன்’ என்று கேட்டுக் கேட்டுத்தான் இந்த வேலை வரும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆபீஸ். ஆனால் அம்மாவிடம் இதைச் சொல்: கோடிங் பெரும்பாலும் பகல் வேலை. டாக்டரின் குறிப்பு ஏற்கெனவே எழுதி முடித்தது, அமெரிக்கா விழித்திருக்கும் நேரத்தில் நாம் விழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ராத்திரி வேலை ஏஆர் காலிங்குக்குத்தான். சென்னைதான் என்றும் இல்லை, திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் கம்பெனிகள் இருக்கின்றன. சென்னை என்றால் சாயந்திரம் ரயில் ஏறினால் விடியும்போது எழும்பூர்.

சம்பளம் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். நான் சேர்ந்தபோது கைக்கு வந்தது 11,000. ஹாஸ்டலுக்கு 5,500 போய்விடும். முதல் வருடம் வீட்டுக்குப் பணம் அனுப்புவாள் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

வீட்டிலிருந்து வேலை என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. இந்த உப்புக் காற்றில் மூன்று வருடத்தில் இரண்டு கீபோர்டு, ஒரு மானிட்டர் போயிற்று. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் வெந்து போவோம். கரன்ட் போனால் இன்வெர்ட்டர். புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னால் இரண்டு நாள் நெட் இருக்காது, அந்த இரண்டு நாள் டார்கெட்டை யாரும் தள்ளுபடி செய்வதில்லை.


தேவிபட்டினம்_சார் | மே 23, மாலை 5.45

யாரும் சொல்லாத ஒரு வழி. ராம்நாட்டிலும் மதுரையிலும் தனியார் மருத்துவமனைகளில் காப்பீட்டு டெஸ்க் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், தனியார் இன்சூரன்ஸ் என்று ஃபைல் தயாரித்து அனுப்புகிற வேலை. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவும் உண்டு. சம்பளம் குறைவுதான், ஆனால் ஊரோடு இருக்கலாம், நோயாளி ஃபைல் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்கலாம். அங்கிருந்து கோடிங்குக்குப் போன பிள்ளை எங்கள் தெருவிலேயே ஒருத்தி இருக்கிறாள்.


ஹெட்போன்_காது | மே 23, இரவு 9.30

தம்பி, இவ்வளவு பேசினோம், தங்கச்சியை யாராவது கேட்டார்களா? காசு செலவில்லாத பரீட்சை இரண்டு சொல்கிறேன். யூடியூபில் அமெரிக்க டாக்டர் பேசுகிற ஏதாவது ஒன்றைப் போட்டு ஐந்து நிமிடம் கேட்டுக்கேட்டு அடித்துப் பார்க்கச் சொல். அப்புறம் ஐசிடி-10-சிஎம் அதிகாரபூர்வ வழிகாட்டி நெறிகள் அமெரிக்க அரசுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். இறக்கி முதல் இருபது பக்கம் வாசிக்கச் சொல். எதில் தூக்கம் வருகிறது என்று அவளே சொல்லட்டும். சிபிடி மட்டும் இலவசம் இல்லை, அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சொத்து. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.


விலங்கியல்_தங்கச்சி | மே 26, இரவு 8.10

வணக்கம். இவ்வளவு நேரம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த தங்கச்சி நான்தான். அண்ணன் இங்கே கேட்டிருப்பதே நேற்றுத்தான் எனக்குத் தெரியும். 35,000 கட்டுவதாக இருந்தால் எனக்கும் தெரிவிப்பான் என்று நினைக்கிறேன்.

ஹெட்போன் அண்ணன் சொன்ன இரண்டையும் செய்தேன். ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. அப்படியும் பதினாலு இடம் வெற்று. நெறிகள் இருபது பக்கம் வாசிக்க உட்கார்ந்து அறுபது பக்கம் போய்விட்டது. அம்மா வந்து லைட்டை அணைத்தார்கள்.

அப்புறம் ஒரு விளையாட்டு மாதிரி எங்கள் தாத்தாவின் ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டை எடுத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். அதில் பிபி, டைப் 2 சுகர் என்று இருக்கிறது. கீழே கேள்விக்குறி போட்டு ‘சிகேடி’ (நாள்பட்ட கிட்னி நோய்) என்று எழுதியிருக்கிறார்கள், கிட்னி டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் பிபிக்கு ஐ10, சுகருக்கு ஈ11.9 போட்டேன். கிட்னியை விட்டுவிட்டேன். கேள்விக்குறி இருப்பதால். சரியா லாத்தா?


கீழக்கரை_லாத்தா | மே 26, இரவு 8.35

கேள்விக்குறியை விட்டது ரொம்பச் சரி. வெளிநோயாளி, உறுதி ஆகவில்லை, தொடக் கூடாது.

இப்போது அடுத்தது. ரிசல்ட் வந்து கிட்னி பாதிப்பு உறுதி என்று டாக்டர் எழுதிவிட்டால் என்ன ஆகும்?


விலங்கியல்_தங்கச்சி | மே 26, இரவு 9.20

கிட்னிக்கு என்18 சேர்ப்பேன். எந்த நிலை என்று பார்த்து.


கீழக்கரை_லாத்தா | மே 26, இரவு 9.30

அது மட்டும் போதாது. பிபியும் கிட்னி நோயும் சேர்ந்து இருந்தால் ஐ10 நிற்காது, ஐ12 ஆகிவிடும். சுகரும் ஈ11.9-இல் நிற்காது, ஈ11.22. டாக்டர் ‘இதனால் அது’ என்று எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. சம்பந்தம் இல்லை என்று அவர் எழுதாதவரை சம்பந்தம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ‘வித்’ (with, உடன்) என்ற சொல்லுக்கான விதி அது, நீ வாசித்த அறுபது பக்கத்திலேயே இருக்கிறது. மறுபடி பார்.

தாத்தா சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, ஊசியா?


விலங்கியல்_தங்கச்சி | மே 26, இரவு 9.34

மெட்ஃபார்மின். சீட்டிலேயே இருக்கிறது.


கீழக்கரை_லாத்தா | மே 26, இரவு 9.36

அப்போது சுகருக்கு நாள்பட மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்கான இசட்79.84-ஐ விட்டுவிட்டாய். ஆடிட்டில் போயிற்று.

என்னிடம் இரண்டு வருடம் பழைய ஐசிடி புத்தகமும் சிபிடி புத்தகமும் சும்மா கிடக்கின்றன. தேர்வு எழுதும்போது அந்த வருடப் புத்தகம் வாங்கிக்கொள், பழகுவதற்கு இது போதும். ஓரமெல்லாம் பென்சிலில் கிறுக்கி வைத்திருப்பேன், அழிக்காதே. ஞாயிற்றுக்கிழமை ராம்நாட்டுக்கு வருகிறேன், அண்ணனை அனுப்பு.


விலங்கியல்_தங்கச்சி | மே 26, இரவு 9.38

அண்ணன் வேண்டாம் லாத்தா. நானே வருகிறேன்.